கட்டணத்துக்காக முதலீட்டுத் தளத்தை மாற்றலாமா? சிங்கப்பூர்ச் சிறு முதலீட்டாளர்கள் கேட்கும் கேள்விகள்

நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முதலீட்டு ஆலோசகர் இல்லை. பங்கும் நிதியும் வாங்கித் தரும் எந்தத் தளத்திடமிருந்தும் எனக்கு ஒரு காசும் வருவதில்லை. உறவினர்களும் கூட வேலை செய்பவர்களும் கைத்தொலைபேசியை நீட்டி, "இதில் கட்டணம் அதிகமாமே அக்கா, வேறு இடத்துக்கு மாற்றிவிடலாமா?" என்று கேட்பது சில ஆண்டுகளாகவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். மாதம் 100 முதல் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போடுகிறவர்களையும், மொத்தம் 50,000 வெள்ளிக்குள் வைத்திருப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது. தளங்கள் கட்டணப் பட்டியலை அடிக்கடி மாற்றுவதால் எந்த நிறுவனத்தின் விலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. கணக்குப் போடும் முறையைத்தான் சொல்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், மாற்றலாமா வேண்டாமா?

பெரும்பாலானவர்களுக்கு என் பதில்: பழையதை இருக்கும் இடத்திலேயே விடுங்கள், இனிமேல் போடும் பணத்தை மட்டும் மலிவான இடத்துக்குத் திருப்புங்கள். வாங்கும்போது கொடுத்த தரகு போனது போனதுதான். பங்குகளை வேறிடத்துக்குக் கொண்டுபோவதால் அது திரும்பி வராது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. வைத்திருக்கும் தொகையின் மேல் ஆண்டுதோறும் விழுக்காட்டுக் கணக்கில் கட்டணம் எடுக்கும் தளமாக இருந்தால், பழைய பணமும் ஒவ்வோர் ஆண்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். அப்போது முழுவதையும் மாற்றுவது பற்றி யோசிக்கத்தான் வேண்டும்.

எனக்கு எவ்வளவு கட்டணம் போகிறது என்றே தெரியவில்லை. எங்கே பார்ப்பது?

மாற்றலாமா என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். புதுத் தளத்தின் கட்டணம் அவர்களுக்கு மனப்பாடம். தங்கள் சொந்தத் தளத்தில் என்ன போகிறது என்று கேட்டால் தெரியாது.

போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்கா உணவங்காடியில் என் மைத்துனர் தம் கணக்கு அறிக்கையை மேசை மேல் விரித்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. மாதம் ஒரு முறை வாங்கியிருந்தார். ஒவ்வொரு வரியிலும் வாங்கிய தொகைக்குப் பக்கத்தில் 25.00 என்று இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் தீர்வுக் கட்டணம், சந்தை அணுகல் கட்டணம், பொருள் சேவை வரி. "இதெல்லாம் அரசாங்கத்துக்குப் போகிறது என்று நினைத்தேன்" என்றார். வரி மட்டும்தான் அரசாங்கத்துக்கு. அந்த 25 வெள்ளி தரகருக்கு. பன்னிரண்டு மாதத்து வரிகளையும் பேனாவால் வட்டமிட்டுக் கூட்டிப் பார்த்தபோது அவர் முகம் மாறியது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். கடந்த பன்னிரண்டு மாத அறிக்கைகளை எடுத்து, கட்டணமாகப் போன எல்லாவற்றையும் வெள்ளியில் கூட்டுங்கள். விழுக்காட்டில் யோசித்தால் 0.5 என்பது அற்பமாகத்தான் தெரியும். அந்த ஆண்டு நீங்கள் போட்ட பணத்தோடு ஒரு முறையும், மொத்த இருப்போடு ஒரு முறையும் அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறிக்கையில் தென்படாத கட்டணங்களும் உண்டு. பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் யூனிட் டிரஸ்ட், பங்கைப் போலச் சந்தையில் வாங்கி விற்கும் நிதியான இடிஎஃப் போன்றவற்றின் ஆண்டுச் செலவு நிதிக்குள்ளேயே கழிக்கப்படுகிறது. தனி வரியாக எங்கும் வராது. நிதியின் விவரத் தாளில் செலவு விகிதம் என்ற பெயரில் இருக்கும். மேலாளர் ஒருவர் பங்குகளைத் தேர்ந்தெடுத்து நிர்வகிக்கும் பல யூனிட் டிரஸ்ட்டுகளில், நிர்வாகக் கட்டணத்தின் ஒரு பகுதி அதை விற்ற தளத்துக்கோ ஆலோசகருக்கோ ஆண்டுதோறும் போய்க்கொண்டிருக்கும். சில தளங்கள் அந்தப் பங்கை வாடிக்கையாளருக்கே திருப்பித் தருகின்றன. ஆகவே, ஒரே நிதியை இரண்டு தளங்களில் வாங்கினாலும் கையில் நிற்பது வேறுபடும். வெளிநாட்டுப் பங்கு வாங்குகிறவர்களுக்கு நாணய மாற்றில் போகும் பணம் இருக்கிறது. அதற்குக் கீழே தனிக் கேள்வியே வைத்திருக்கிறேன்.

மாதம் 300 வெள்ளிக்கு ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டு இடிஎஃப் வாங்குகிறேன். குறைந்தபட்சத் தரகு 25 வெள்ளி. மாற்ற வேண்டுமா?

கணக்கைப் பார்ப்போம். தரகு 25 வெள்ளி. அதோடு சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் தீர்வுக் கட்டணம் 0.0325 விழுக்காடு, சந்தை அணுகல் கட்டணம் 0.0075 விழுக்காடு; 300 வெள்ளிக்கு இரண்டும் சேர்ந்து 12 காசு. இந்தக் கட்டணங்களின் மொத்தத்தின் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 27 வெள்ளி 38 காசு ஆகிறது. நீங்கள் போட்ட 300 வெள்ளியில் 9 விழுக்காட்டுக்கு மேல் வாசலிலேயே போய்விடுகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 328 வெள்ளி, அதாவது உங்கள் ஒரு மாதச் சேமிப்பைவிட அதிகம்.

இதற்குத் தளத்தை மாற்றுவது மட்டும்தான் வழி என்பதில்லை. அதே தரகரிடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 900 வெள்ளியாக வாங்கினால் ஒரு தடவைக்கு 27 வெள்ளி 64 காசு. ஆண்டுக்கு 110 வெள்ளி 56 காசு. ஒரு விண்ணப்பப் படிவம்கூட நிரப்பாமல் சுமார் 218 வெள்ளி மிச்சம். மைத்துனருக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான்.

மாதாமாதம் போட்டால்தான் பணம் நிற்கும், வங்கிக் கணக்கில் விட்டால் செலவாகிவிடும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பழக்கத்தின் மதிப்பு கட்டணத்தைவிடப் பெரியது. அவர்களுக்கு வங்கிகளும் சில தரகு நிறுவனங்களும் நடத்தும் மாதாந்தர முதலீட்டுத் திட்டங்கள் பொருந்தும். 100 வெள்ளியிலிருந்து போடலாம். கட்டணம் 1 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் 300 வெள்ளிக்கு 3 வெள்ளிதான். ஆனால் அந்த விழுக்காட்டுக்குக் கீழ் வரம்பாக ஒரு தொகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் இருக்கும் தளத்தில் ஆண்டுக் கட்டணம் 0.65 விழுக்காடு, இன்னொன்றில் 0.35. இந்த 0.3 விழுக்காட்டுக்காக மெனக்கெட வேண்டுமா?

உங்களிடம் 5,000 வெள்ளி இருந்தால் வித்தியாசம் ஆண்டுக்கு 15 வெள்ளி. இரண்டு பேர் காப்பிக்கடையில் சாப்பிடும் செலவு. அதற்காக அலைய வேண்டாம். அடுத்த மாதத்திலிருந்து புதுப் பணத்தை அங்கே போடத் தொடங்கினால் போதும்.

40,000 வெள்ளி இருந்தால் முதல் ஆண்டிலேயே 120 வெள்ளி. மேற்கொண்டு ஒன்றுமே போடாமல், கட்டணத்துக்குப் பின் 5 விழுக்காடு வளர்கிறது என்று வைத்துக்கொண்டால் 20 ஆண்டில் சுமார் 1,06,100 வெள்ளி. 4.7 விழுக்காடு வளர்ந்தால் சுமார் 1,00,200. கிட்டத்தட்ட 5,900 வெள்ளி வேறுபடுகிறது. இதுவே 1 விழுக்காடு வித்தியாசமாக இருந்தால் 20 ஆண்டில் 18,500 வெள்ளி அளவுக்குக் குறையும். இருப்பு வளர வளரக் கட்டணமும் வளரும். அதனால்தான் தரகைவிட இந்த வகைக் கட்டணத்துக்கு நான் அதிகம் பயப்படுகிறேன். சின்னத் தொகையாக இருக்கும்போதே திசையைத் திருப்புவது சுலபம்.

அந்தக் கட்டணத்துக்கு என்ன கிடைக்கிறது என்றும் கேளுங்கள். சந்தை சரிந்தபோது பதறி விற்காமல் உங்களைத் தடுத்தது அந்தத் தளத்தின் தானியங்கி ஏற்பாடுதான் என்றால், அது 120 வெள்ளிக்கு ஈடாகலாம். ஒன்றிரண்டு குறியீட்டு நிதிகளை வாங்கி அடுக்கி வைத்திருப்பது மட்டும்தான் அதன் வேலை என்றால், அதை நீங்களே செய்யலாம்.

"தரகே இல்லை" என்று சொல்லும் தளங்கள் எப்படிப் பிழைக்கின்றன?

பல வழிகளில். நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமானது நாணய மாற்று. அமெரிக்கப் பங்கு வாங்க வெள்ளியை அமெரிக்க டாலராக்க வேண்டும். சந்தையின் நடுவிலை 1.3500 ஆக இருக்கும்போது தளம் உங்களிடம் 1.3570 கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,350 வெள்ளி கொடுத்தால் 1,000 டாலருக்குப் பதில் 994 டாலர் 84 காசுதான் வரும். அந்த 5 டாலர் எந்த ரசீதிலும் கட்டணமாக எழுதப்படாது. விற்றுத் திரும்ப வெள்ளியாக்கும்போது இன்னொரு முறை போகும்.

இதைச் சோதிப்பது எளிது. தளத்தின் மாற்று விலை திரையில் தெரியும் அதே நிமிடத்தில் சந்தை விலையையும் வேறொரு இடத்தில் பாருங்கள். இரண்டின் வித்தியாசத்தை நடுவிலையால் வகுத்து நூறால் பெருக்கினால் நீங்கள் கொடுக்கும் விழுக்காடு வந்துவிடும். ஒரு வார நாளில், இரவு சந்தை திறந்திருக்கும்போது செய்யுங்கள். வார இறுதியில் சில தளங்கள் இடைவெளியை அகலப்படுத்துகின்றன.

தரகு இல்லை என்றாலும் "தளக் கட்டணம்" என்று ஒன்று ஒவ்வொரு வாங்கலுக்கும் இருக்கலாம். ஈவுத்தொகை வரவு வைக்க, உரிமைப் பங்கு (ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு நிறுவனம் விற்கும் புதுப் பங்கு) விண்ணப்பிக்க, பணத்தை வெளியே எடுக்க என்று தனித்தனிக் கட்டணங்களும் இருக்கலாம். கட்டணப் பக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

சிடிபி கணக்கில் இருக்கும் பங்குகளுக்கும் தளத்தின் பெயரில் இருக்கும் பங்குகளுக்கும் என்ன வித்தியாசம்?

இது தெரியாமல் தளம் மாறுவதால்தான் பிறகு வருத்தப்படுகிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிடிபி என்பது சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் மத்திய வைப்பகம். அதில் உள்ள பங்குகள் உங்கள் சொந்தப் பெயரில் இருக்கின்றன. கணக்கு வைத்திருக்கக் கட்டணம் இல்லை. ஈவுத்தொகை நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு நீங்களே போகலாம், வாக்களிக்கலாம். தரகர் நடுவில் வாங்கிக் கொடுப்பவர், அவ்வளவுதான். நகையை வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டு, விற்க மட்டும் கடைக்கு எடுத்துப்போவதைப் போல.

இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஒரே சிடிபி கணக்கை ஒன்றுக்கு மேற்பட்ட தரகர்களோடு இணைக்கலாம். ஒருவரிடம் வாங்கியதை இன்னொருவர் வழியாக விற்கலாம். எனவே உங்கள் பங்குகள் சிடிபியில் இருந்தால் "தளம் மாறுவது" என்ற பேச்சுக்கே இடமில்லை. மலிவான இன்னொரு தரகரிடம் கணக்குத் திறந்து சிடிபியோடு இணைத்தால் வேலை முடிந்தது. பங்கு ஒன்றும் நகராது.

குறைந்த தரகு கேட்கும் பல புதுத் தளங்கள் பங்குகளைத் தங்கள் காப்பகத்தின் பெயரில் வைத்திருக்கின்றன. பலன் உங்களுடையது, ஏட்டில் பெயர் அவர்களுடையது. சாதாரண நாட்களில் வித்தியாசம் தெரியாது. உரிமைப் பங்கு வெளியீடு வரும்போது தெரியும்: நிறுவனம் அறிவிக்கும் கடைசி நாளுக்குச் சில நாட்கள் முன்பே தளம் தன் கடைசி நாளை வைத்திருக்கும். கூட்டத்துக்குப் போக வேண்டுமானால் தளத்திடம் கேட்டு ஏற்பாடு செய்ய வேண்டும்.

என் சொந்த முடிவு: பத்து, பதினைந்து ஆண்டு வைத்திருக்க நினைக்கும் உள்ளூர்ப் பங்குகளுக்குக் கொஞ்சம் கூடுதல் தரகு கொடுத்தாவது சிடிபியில் வாங்குகிறேன். மாதாமாதம் சிறுகச் சிறுக வாங்குவதைக் காப்பகக் கணக்கில் வைத்திருக்கிறேன். அமெரிக்கப் பங்குகளுக்கு இந்தத் தேர்வே இல்லை; எந்தத் தளமாக இருந்தாலும் காப்பகம்தான்.

மலிவான தளம் மூடிவிட்டால் என் பணம் என்ன ஆகும்?

முதலில், சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் நிதி நிறுவனப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா, மூலதனச் சந்தைச் சேவை உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். உரிமம் பெற்ற தரகர் வாடிக்கையாளர் பணத்தையும் பங்குகளையும் தன் சொந்தச் சொத்திலிருந்து பிரித்து, அறக்காப்புக் கணக்கில் வைக்க வேண்டும் என்பது சட்டம்.

ஆனால் வைப்புக் காப்புறுதியோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2024 ஏப்ரல் 1 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,00,000 வெள்ளி வரை கிடைக்கும் அந்தக் காப்பு வங்கி வைப்புகளுக்குத்தான். பங்குக்கும் யூனிட் டிரஸ்ட்டுக்கும் அது பொருந்தாது.

அமைதியாக மூடுவதும் உண்டு, அடித்துப் புரண்டு விழுவதும் உண்டு. மணிஅவுல் என்ற தளம் 2023-இல் தன் வணிகச் சேவைகளை நிறுத்துவதாக அறிவித்தபோது வாடிக்கையாளர்களின் முதலீடுகள் ஐஃபாஸ்ட் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன. எம்எஃப் குளோபல் என்ற தரகு நிறுவனம் 2011 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தபோது இங்கிருந்த துணை நிறுவனமும் கலைப்பாளர் கைக்குப் போனது. வாடிக்கையாளர்களுக்குப் பணம் கட்டம் கட்டமாகத்தான் திரும்பியது. பிரித்து வைக்கப்பட்ட பணமாக இருந்தாலும் காத்திருக்க வேண்டி வரலாம். அதனால் அவசரச் செலவுக்கான பணத்தை எந்த முதலீட்டுத் தளத்திலும் விட்டுவைக்காதீர்கள், அங்கே வங்கியைவிட வட்டி கூடுதலாகக் காட்டினாலும்.

பங்குகளை அப்படியே மாற்றிக்கொள்வதா, விற்றுவிட்டுப் புது இடத்தில் வாங்குவதா?

சில ஆண்டுகளுக்கு முன் நான்கு நிறுவனப் பங்குகளை ஒரு காப்பகக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே மாற்றினேன். புதுத் தளம், "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றது. பழைய தளம் ஒவ்வொரு பங்குக்கும் தனியாக வெளியேற்றக் கட்டணம் எடுத்தது. அதை நான் விசாரித்திருக்கவில்லை. 17 நாட்கள் அந்தப் பங்குகள் இரண்டு திரைகளிலும் இல்லை. அந்த நாட்களில் ஒரு நிறுவனத்தின் ஈவுத்தொகை வந்து, நான் காலி செய்த பழைய கணக்கில் விழுந்தது. அதை மீட்க மூன்று மின்னஞ்சல் எழுதினேன். முழுப் பங்காக இல்லாமல் துண்டாக இருந்தவற்றை மாற்ற முடியாது என்று அவர்களே விற்றுவிட்டார்கள். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, புதுத் திரையில் வாங்கிய விலையாக மாற்றிய நாளின் சந்தை விலை காட்டப்பட்டது. ஆறு ஆண்டாக வாங்கியதன் விலைக் கணக்கு, நான் தனியாக எழுதி வைத்திருந்த ஏட்டில் மட்டும்தான் மிஞ்சியது.

ஆகவே சிறு தொகையாக இருந்தால் விற்று வாங்குவதே பெரும்பாலும் மலிவு. சிங்கப்பூரில் தனிநபர் நீண்டகால முதலீட்டு லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை; வேறு பல நாடுகளில் இருப்பவர்களுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. விற்கும் தரகு, வாங்கும் தரகு, இடையில் விலை ஏறிவிடும் அபாயம் ஆகிய மூன்றையும் கூட்டி, மாற்றுக் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். யூனிட் டிரஸ்ட்டாக இருந்தால், அதே நிதியின் அதே வகுப்பு யூனிட்டுகளைப் புதுத் தளமும் விற்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மாற்றம் நடக்காது.

கட்டணத்தைத் தவிர மாறுவதற்கு வேறு நல்ல காரணம் உண்டா?

உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்க நிறுவனங்களின் ஈவுத்தொகையில் 30 விழுக்காட்டை அந்த நாடு பிடித்துக்கொள்கிறது. சிங்கப்பூருக்கு அமெரிக்காவோடு வருமான வரி ஒப்பந்தம் இல்லை. அயர்லாந்தில் பதிவான இடிஎஃப் வழியாக அதே அமெரிக்கப் பங்குகளை வைத்திருந்தால் நிதிக்குள் பிடிக்கப்படுவது 15 விழுக்காடு. ஈவுத்தொகை ஆண்டுக்கு 1.5 விழுக்காடு என்றால் இதில் மிச்சமாவது 0.225 விழுக்காடு. இரண்டு தளங்களுக்கிடையே உள்ள கட்டண வித்தியாசம் பல நேரங்களில் இவ்வளவு இருப்பதில்லை.

இன்னொன்று: அமெரிக்கர் அல்லாதவர் இறக்கும்போது அவரிடம் 60,000 அமெரிக்க டாலருக்கு மேல் அமெரிக்கச் சொத்து இருந்தால் அந்நாட்டு மரபுரிமை வரி பாயும், உச்ச விகிதம் 40 விழுக்காடு. அமெரிக்காவில் பதிவான பங்குகளும் இடிஎஃப்களும் இதில் சேரும், அயர்லாந்து இடிஎஃப் சேராது. அந்த இடிஎஃப்கள் பெரும்பாலும் லண்டன் சந்தையில் விற்கப்படுகின்றன. உங்கள் தளத்தில் லண்டன் சந்தை இல்லையென்றால், தரகு இலவசமாகவே இருந்தாலும் வேறு தளம் பார்ப்பது நியாயம்.

மத்திய சேமநிதிப் பணத்தையும் ஓய்வுக்காலச் சேமிப்பையும் மாற்றலாமா?

மத்திய சேமநிதி (மசேநி) முதலீட்டுத் திட்டத்தில் 2020 அக்டோபர் 1 முதல் விற்பனைக் கட்டணம் வாங்கக் கூடாது. தளங்களின் ஆண்டுக் கட்டணத்துக்கு 0.4 விழுக்காடு உச்சவரம்பு. ஆகவே தளத்துக்குத் தளம் அதிக வித்தியாசம் வராது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. மசேநியின் சாதாரணக் கணக்கில் சும்மா இருந்தாலே 2.5 விழுக்காடு வட்டி. நிதியின் செலவு 1 விழுக்காடு, தளக் கட்டணம் 0.4 என்றால், கட்டணங்களுக்கு முன் 3.9 விழுக்காடு சம்பாதித்தால்தான் சும்மா இருந்ததற்குச் சமம். அந்தப் பணத்தில் வீட்டுக் கடனும் அடைக்க வேண்டியிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

எஸ்ஆர்எஸ் எனப்படும் துணை ஓய்வுத் திட்டத்தில் பணம் சும்மா கிடந்தால் வட்டி 0.05 விழுக்காடுதான். எனவே அங்கே தளத்தைத் தேடுவதைவிட முதலீடு செய்யத் தொடங்குவது அவசரம். ஒரு தளத்தில் விற்றால் பணம் உங்கள் எஸ்ஆர்எஸ் கணக்குக்கே திரும்பும், அங்கிருந்து இன்னொரு தளத்துக்குப் போகலாம். இது முன்கூட்டியே பணம் எடுத்ததாகக் கணக்கில் வராது, அபராதமும் இல்லை. பலர் அந்தப் பயத்திலேயே விலை கூடிய தளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

புதுக் கணக்குத் திறந்தால் இலவசப் பங்கு தருகிறார்களாமே?

நிபந்தனைகளைப் படித்து, எவ்வளவு பணத்தை எத்தனை நாள் அசைக்காமல் வைக்க வேண்டும் என்று பாருங்கள். எப்படியும் போட இருந்த பணமென்றால் வாங்கிக்கொள்ளலாம். சலுகைக்காகத் தேவையில்லாமல் வாங்கி விற்கச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

சொந்தக்காரர் ஒருவரிடம் காப்புறுதியோடு சேர்ந்த முதலீட்டுத் திட்டம் எடுத்தேன். கட்டணம் அதிகம் என்கிறார்கள். அதையும் மாற்றிவிடலாமா?

அது தளம் இல்லை, ஒப்பந்தம். முன்கூட்டியே முறித்தால் முதல் சில ஆண்டுகளில் போட்டதில் பெரும்பகுதியை இழக்க நேரிடலாம், காப்புறுதியும் போய்விடும். இப்போது முறித்தால் கைக்கு என்ன வரும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேறு காப்புறுதி கையில் வரும்வரை இதை விடாதீர்கள். சொந்தக்காரர் மனம் நோகுமே என்று கேட்காமல் இருப்பதும் தவறு, அவர் மேல் உள்ள கோபத்தில் முறிப்பதும் தவறு.

அப்பா இன்னமும் தொலைபேசியில் தரகரிடம் சொல்லித்தான் பங்கு வாங்குகிறார். அவருக்குச் செயலி வைத்துக் கொடுக்கலாமா?

ஆண்டுக்கு எத்தனை முறை வாங்குகிறார்? இரண்டு முறை என்றால் மிச்சமாவது ஐம்பது வெள்ளிக்குள்தான் இருக்கும். முப்பது ஆண்டாக அவர் குரலை அறிந்த ஒரு தரகர், "சார், இது உங்களுக்கு வேண்டாம்" என்று ஒரு தடவை சொன்னாலே அந்தப் பணம் தகும். அவராகக் கேட்டால் கற்றுக்கொடுங்கள்.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. தளம் மாறும் நேரம்தான் மோசடிக்காரர்களுக்கு வசதியான நேரம். வாட்ஸ்அப் குழுவில் வரும் இணைப்பைத் தட்டி, அசல் போலவே இருக்கும் பொய்ச் செயலியில் பணம் போட்டுவிடுகிறார்கள். செயலியை அதிகாரப்பூர்வக் கடையிலிருந்து மட்டும் இறக்குங்கள். பணம் போகும் கணக்கு தனிநபர் பெயரில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணை அழையுங்கள்.

நான் வேலை அனுமதியில் இருக்கிறேன். சில ஆண்டில் ஊருக்குத் திரும்பிவிடுவேன். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

தம்பி, உங்களுக்குக் கட்டணம் இரண்டாவது. இங்கிருந்து போன பிறகும் கணக்கை வைத்திருக்க விடுகிறார்களா, இங்குள்ள வங்கிக் கணக்கு மூடிய பின் பணத்தை எப்படி அனுப்புவார்கள் என்ற இரண்டையும் முதலில் எழுத்தில் கேளுங்கள். இந்தியாவில் மீண்டும் முழு வசிப்பாளர் ஆனதும் வெளிநாட்டு முதலீடுகளை அங்கே வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும், லாபத்துக்கு வரியும் உண்டு. விற்பதாக இருந்தால் புறப்படுவதற்கு முன்பே விற்றுவிடுவது நிம்மதி. ஊரில் கடன் இருந்தால் முதலில் அதை அடையுங்கள். எந்தத் தளத்தின் லாபமும் அந்த வட்டிக்கு ஈடாகாது.

மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். எதிலிருந்து தொடங்குவது?

பழைய தளத்திலிருந்து எல்லா ஆண்டு அறிக்கைகளையும், வாங்கிய ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் இறக்கிச் சேமியுங்கள். கணக்கை மூடிய பிறகு உள்ளே நுழைய முடியாது. வெளியேற்றக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள், அதைத் தாங்களே ஏற்றுக்கொள்வார்களா என்று புதுத் தளத்திடமும் கேளுங்கள். சில தளங்கள் ஏற்றுக்கொள்கின்றன, கேட்டால் மட்டும். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாகப் புதுக் கணக்கைத் திறந்ததும் 100 வெள்ளி அனுப்பி, அதையே திரும்ப வங்கிக்கு எடுத்துப் பாருங்கள். எத்தனை நாள் ஆனது, எவ்வளவு குறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே போடுவது எல்லா இடத்திலும் சுலபம்; வெளியே எடுப்பதைத்தான் சோதிக்க வேண்டும்.

அடுத்த மூன்று மாதத்தில் ஈவுத்தொகை வரவிருக்கும் பங்குகளை அது வந்த பிறகு மாற்றுங்கள். மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் ஏற்பாட்டை நிறுத்தியதற்கு உறுதிக் கடிதம் வந்ததா என்று பாருங்கள். வராமல் இரண்டு இடத்திலும் பணம் போனவர்களை எனக்குத் தெரியும். பழைய கணக்கைக் கடைசி ஈவுத்தொகை வந்து சேரும்வரை திறந்தே வைத்திருங்கள், ஆனால் பயன்படுத்தாத கணக்குக்குக் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொண்டு.